ஷாப் ஃப்ளோர் ஆங்கிலம்: மெஷின் பக்கத்தில் நின்றே கற்றுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், கோவை என்று எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் ஒன்றைப் பார்க்கலாம். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து வந்த ஓர் ஆபரேட்டர் மெஷினின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். ரிவ்யூ மீட்டிங்கில் அதே கோளாறைப் பற்றி ஆங்கிலத்தில் கேள்வி வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். பக்கத்தில் நிற்கும் இன்ஜினியர் அவருக்காகப் பதில் சொல்வார். காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் வாங்குபவர் இன்னொருவர். இது மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இதற்குப் பொதுவான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அதிகம் உதவாது. அங்கே ஹோட்டலில் சாப்பாடு ஆர்டர் செய்யவும் நண்பரை நலம் விசாரிக்கவும் சொல்லித்தருவார்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு ஷிஃப்டுக்குள் தேவைப்படும் ஆங்கிலம். அதன் எல்லை சின்னது, ஒரே மாதிரி வாக்கியங்கள் தினமும் திரும்ப வரும். அதனால் சீக்கிரம் பிடிபடும். சி.என்.சி. மெஷின்கள் ஓடும் ஒரு வாகன உதிரிபாக லைனை மனதில் வைத்து இதைச் சொல்கிறேன். உங்கள் வேலை வேறாக இருந்தால் மெஷின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: பெயர்ச்சொல் ஏற்கனவே தெரியும், வினைச்சொல்லைச் சேருங்கள்

ஸ்பிண்டில், சக், இன்சர்ட், கூலன்ட், ஃபிக்ஸ்சர், கேஜ், டிராயிங், ரிஜெக்‌ஷன், ரீவொர்க், டிஸ்பாட்ச். இவற்றில் உங்களுக்குத் தெரியாதது எது? இந்தப் பெயர்களைத் தினமும் தமிழ் வாக்கியத்துக்குள் வைத்துப் பேசுகிறோம். வினைக்கு மட்டும் 'பண்ணு' வந்துவிடுகிறது: டைட் பண்ணு, லூஸ் பண்ணு, செட்டிங் பண்ணு. அந்தப் 'பண்ணு'வை எடுத்துவிட்டால் நம்மிடம் ஆங்கில வினை இருக்காது. திணறல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, உங்கள் மெஷினைச் சுற்றி உள்ள ஒவ்வொரு பொருளையும் அதற்கு உரிய வினையோடு சேர்த்து எழுதுங்கள். பார்ட்டை லோட் செய்வது 'லோட் த பார்ட்', பிடிப்பது 'க்ளாம்ப் த பார்ட்', ஓட்டத் தொடங்குவது 'ஸ்டார்ட் த சைக்கிள்', வெளியே எடுப்பது 'அன்லோட் த பார்ட்', பிசிறு எடுப்பது 'டீபர் த எட்ஜ்', சுருள் சுருளாக விழும் கழிவை அகற்றுவது 'க்ளியர் த சிப்ஸ்'. கூலன்ட் குறைந்தால் 'டாப் அப் த கூலன்ட்'. இன்சர்ட்டின் (வெட்டும் முனைகள் உள்ள சின்னத் துண்டு) ஒரு முனை தேய்ந்து அடுத்த முனைக்குத் திருப்பினால் 'இண்டெக்ஸ் த இன்சர்ட்', முழுவதும் மாற்றினால் 'ரீப்ளேஸ் த இன்சர்ட்'. 'டைட்' என்பது நிலையைச் சொல்லும் சொல், செயலுக்கு 'டைட்டன்' என்று சொல்ல வேண்டும். 'த போல்ட் இஸ் லூஸ். ப்ளீஸ் டைட்டன் இட்.' இப்படி இரண்டும் ஒன்றாகவே வரும்.

வினைகள் எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம். மெஷின் பக்கத்தில் தொங்கும் எஸ்.ஓ.பி. (வேலையைப் படிப்படியாகச் சொல்லும் தாள்), கன்ட்ரோல் பிளான் (எதை, எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியல்), காலையில் டிக் அடிக்கும் செக் ஷீட், திரையில் வரும் அலாரம் செய்தி, எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தினமும் ஓர் எஸ்.ஓ.பி. வரியைச் சத்தமாகப் படியுங்கள். 'என்ஷ்யூர்', 'வெரிஃபை', 'ரெக்கார்ட்' ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பீர்கள். 'என்ஷ்யூர் தட் த டோர் இஸ் க்ளோஸ்ட்' என்றால் கதவு மூடியிருப்பதை உறுதி செய்துகொள் என்று பொருள். 'வெரிஃபை' என்றால் சரிதானா என்று ஒத்துப் பார். 'ரெக்கார்ட்' என்றால் எழுதி வை.

பாதுகாப்புச் சொற்களை மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் படித்துவிடுங்கள். 'எமர்ஜென்சி ஸ்டாப்' எல்லாருக்கும் தெரியும். 'பின்ச் பாயிண்ட்' என்றால் விரல் நசுங்கும் இடம். 'லாக்அவுட்' என்றால் யாரும் தவறிப்போய் இயக்கிவிடாதபடி மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடுவது. 'டேகவுட்' என்றால் அந்த இடத்தில் எச்சரிக்கை அட்டை தொங்கவிடுவது. 'டு நாட் ஆபரேட்' என்ற அட்டையைப் பார்த்தால் கை வைக்கக் கூடாது. யாராவது ஆபத்தில் இருந்தால் வாக்கியம் அமைக்க நேரம் இருக்காது. 'ஸ்டாப் த மெஷின்!' என்று கத்த வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: கோளாறைச் சொல்வது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

'மெஷின் ரிப்பேர்' என்று தமிழில் சொன்னால் மெஷின் கெட்டுவிட்டது என்று எல்லாருக்கும் புரியும். அதையே 'மெஷின் இஸ் ரிப்பேர்' என்று வெளிநாட்டு இன்ஜினியரிடம் சொன்னால் அவர் குழம்புவார், ஏனென்றால் ஆங்கிலத்தில் ரிப்பேர் என்றால் சரிசெய்வது. பழுதாகிவிட்டது என்பதற்கு 'த மெஷின் ஹாஸ் ப்ரோக்கன் டவுன்' அல்லது சுருக்கமாக 'த மெஷின் இஸ் டவுன்'. ஆள் வந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால்தான் 'த மெஷின் இஸ் அண்டர் ரிப்பேர்'. மெட்டீரியல் தீர்ந்துவிட்டால் 'வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் மெட்டீரியல்'. வரும் என்று காத்திருந்தால் 'வி ஆர் வெயிட்டிங் ஃபார் மெட்டீரியல்'. கரண்ட் போனால் 'தேர் இஸ் எ பவர் கட்'.

கோளாறைச் சொல்லும்போது இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எது, எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு நஷ்டம், நான் என்ன பார்த்தேன், எனக்கு என்ன வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி வாக்கியம் போதும். இப்படி:

'த கூலன்ட் பம்ப் ஆன் லைன் டூ ஹாஸ் ஸ்டாப்ட். இட் ஸ்டாப்ட் அட் டென் தர்ட்டி. வி ஹாவ் லாஸ்ட் அபவுட் ஃபார்ட்டி பார்ட்ஸ். ஐ செக்ட் த ஃபியூஸ். த ஃபியூஸ் இஸ் ஓகே. வி நீட் அன் எலக்ட்ரீஷியன்.'

ஆறு வாக்கியங்களில் கடினமான சொல் ஒன்றாவது இருக்கிறதா? கேட்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் முழுவதும் தெரிகிறது. கொரிய, ஜப்பானியக் கம்பெனிகள் நிறைய உள்ள இந்தப் பகுதிகளில் எதிரே நிற்பவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி கிடையாது என்பதை மறக்க வேண்டாம். நீளமான வாக்கியம் அவரையும் திணறவைக்கும். குட்டி வாக்கியமே இருவருக்கும் நல்லது.

நேரம் சொல்லும்போது நம்மில் பலர் 'சின்ஸ் டூ அவர்ஸ்' என்கிறோம். கடிகாரத்தில் ஒரு புள்ளி என்றால் 'சின்ஸ்', எவ்வளவு நேரம் என்றால் 'ஃபார்'. 'இட் ஹாஸ் பீன் டவுன் சின்ஸ் எய்ட் ஓ க்ளாக்.' 'இட் ஹாஸ் பீன் டவுன் ஃபார் டூ அவர்ஸ்.' இந்த இரண்டையும் வாய் பழகும்வரை சொல்லிப் பாருங்கள்.

சத்தத்தைச் சொல்லத் தமிழில் நமக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலத்திலும் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. கடகட என்றால் 'ராட்லிங்', கீச்சென்றால் 'ஸ்க்வீலிங்', கரகரவென்று உரசினால் 'க்ரைண்டிங்', மோட்டார் சும்மா ம்ம் என்று இரைந்தால் 'ஹம்மிங்'. 'தேர் இஸ் எ க்ரைண்டிங் நாய்ஸ் ஃப்ரம் த ஸ்பிண்டில்' என்று சொன்னால் மெயின்டனன்ஸ் ஆள் பேரிங்கைப் பற்றி யோசித்துக்கொண்டே வருவார். வெறும் 'சவுண்ட் கமிங்' என்றால் அவருக்கு ஒரு துப்பும் கிடைக்காது. சத்தம் தவிர: கசிந்தால் 'லீக்கிங்', சூடேறினால் 'ஓவர்ஹீட்டிங்', அதிர்ந்தால் 'வைப்ரேட்டிங்', சிக்கிக்கொண்டால் 'ஜாம்ட்', தேய்ந்திருந்தால் 'வோர்ன்', வளைந்திருந்தால் 'பென்ட்', விரிசல் விட்டிருந்தால் 'க்ராக்ட்'.

அளவுக் கோளாறுக்கும் இதே கவனம் வேண்டும். 'சைஸ் கூட வருது' என்பதை 'சைஸ் இஸ் கமிங் மோர்' என்று சொல்வதைவிட 'த போர் இஸ் ஓவர்சைஸ் பை ட்வென்ட்டி மைக்ரான்ஸ்' என்று சொல்லுங்கள். போர் என்றால் பார்ட்டில் உள்ள துளை. குறைந்தால் 'அண்டர்சைஸ்'. வரம்பைத் தாண்டினால் 'அவுட் ஆஃப் டாலரன்ஸ்', உள்ளே இருந்தால் 'வித்தின் டாலரன்ஸ்'.

மூன்றாம் படி: எண்கள்

சத்தம் நிறைந்த இடத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்ட்டியும் ஒன்றாகவே கேட்கும். 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்' என்று இலக்கத்தைப் பிரித்து ஒருமுறை சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். 0.02 மில்லிமீட்டர் என்பது 'பாயிண்ட் ஜீரோ டூ', அதாவது 20 மைக்ரான்.

இன்னொன்று, 'பை' என்பதும் 'டு' என்பதும். செட்டிங் நேரம் 60 நிமிடத்திலிருந்து 45 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 'வி ரெட்யூஸ்ட் இட் பை ஃபிஃப்டீன் மினிட்ஸ்' என்றால் 15 நிமிடம் குறைத்தோம். 'வி ரெட்யூஸ்ட் இட் டு ஃபார்ட்டி ஃபைவ் மினிட்ஸ்' என்றால் 45 நிமிடமாகக் குறைத்தோம். மாற்றிச் சொன்னால் உங்கள் உழைப்பின் கணக்கே மாறிவிடும். ரிஜெக்‌ஷன் 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதம் ஆனால் 'இட் வென்ட் அப் பை ஒன் பர்சன்டேஜ் பாயிண்ட்'. அதை ஒரு சதவீத உயர்வு என்று சொல்ல முடியாது, உண்மையில் பாதிக்குப் பாதி கூடியிருக்கிறது.

நான்காம் படி: எஃபிஷியன்ஸி சொற்களைக் கணக்கோடு படியுங்கள்

போர்டில் எழுதியிருக்கும் சொற்களின் அர்த்தம் அகராதியில் பார்த்தால் பாதிதான் புரியும். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் சொல் மனதில் நிற்கும்.

ப்ரொடக்‌ஷனும் ப்ரொடக்டிவிட்டியும் வேறு. 10 பேர் 8 மணி நேரத்தில் 400 பீஸ் எடுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 5 பீஸ். அதே 10 பேர் ஓ.டி. பார்த்து 10 மணி நேரத்தில் 480 பீஸ் எடுத்தால் ஒரு ஆளுக்கு மணிக்கு 4.8 பீஸ். 'ப்ரொடக்‌ஷன் வென்ட் அப், பட் ப்ரொடக்டிவிட்டி கேம் டவுன்.' இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தவரை மீட்டிங்கில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்தது டாக்ட் டைமும் சைக்கிள் டைமும். வாடிக்கையாளருக்கு எத்தனை நேரத்துக்கு ஒரு பீஸ் வேண்டும் என்பது டாக்ட் டைம். ஷிஃப்டில் 450 நிமிடம் வேலை, 300 பீஸ் தேவை என்றால் டாக்ட் டைம் 90 வினாடி. உங்கள் மெஷின் ஒரு பீஸுக்கு எடுக்கும் நேரம் சைக்கிள் டைம். அது 100 வினாடியாக இருந்தால் 'த சைக்கிள் டைம் இஸ் அபவ் த டாக்ட் டைம்'. அந்த லைனில் வேலை தேங்கும் இடம் அதுதான், ஆங்கிலத்தில் 'பாட்டில்நெக்'. 'பார்ட்ஸ் ஆர் பைலிங் அப் பிஃபோர் ஸ்டேஷன் ஃபோர்' என்றால் நான்காம் ஸ்டேஷனுக்கு முன்னால் குவிகிறது என்று பொருள்.

இனி ஓ.இ.இ., அதாவது 'ஓவரால் எக்யுப்மென்ட் எஃபெக்டிவ்னஸ்', மெஷின் மொத்தத்தில் எவ்வளவு பயன்பட்டது என்ற அளவு. பெரிய ஆலைகளின் போர்டுகளில் இந்த மூன்று எழுத்தைப் பார்க்கலாம். ஜப்பானின் செய்இச்சி நகாஜிமா வளர்த்தெடுத்த டி.பி.எம். என்ற மெஷின் பராமரிப்பு முறையிலிருந்து வந்தது. மூன்று பங்குகளைப் பெருக்கி வரும் எண் இது. அவெய்லபிலிட்டி என்றால் மெஷின் ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு ஓடியது. பெர்ஃபார்மன்ஸ் என்றால் ஓடிய நேரத்தில் உரிய வேகத்தில் ஓடியதா. குவாலிட்டி என்றால் எடுத்ததில் நல்ல பீஸ் எவ்வளவு.

ஒரு ஷிஃப்டை எடுத்துக்கொள்வோம். திட்டமிட்ட நேரம் 450 நிமிடம். பிரேக்டவுனில் 45 நிமிடம் போனது, ஓடியது 405 நிமிடம். அவெய்லபிலிட்டி 90 சதவீதம். ஒரு பீஸுக்கு 1 நிமிடம் என்றால் 405 பீஸ் வந்திருக்க வேண்டும், வந்தது 365. பெர்ஃபார்மன்ஸ் ஏறத்தாழ 90 சதவீதம். அதில் 350 நல்ல பீஸ், குவாலிட்டி ஏறத்தாழ 96 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 77.8 சதவீதம் வரும். 450 பீஸ் வந்திருக்க வேண்டிய இடத்தில் 350 நல்ல பீஸ் என்று வகுத்தாலும் அதே விடைதான். 85 சதவீதத்தை உலகத் தரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இதை வாக்கியமாக்குங்கள்: 'அவர் ஓ.இ.இ. வாஸ் செவன்ட்டி எய்ட் பர்சென்ட். த மெயின் லாஸ் வாஸ் டவுன்டைம். வி லாஸ்ட் ஃபார்ட்டி ஃபைவ் மினிட்ஸ் பிகாஸ் ஆஃப் த கூலன்ட் பம்ப்.'

திருப்பூர் பக்கம் கார்மென்ட்ஸில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே எஸ்.ஏ.எம். என்பதுதான் அடிப்படை, ஒரு பீஸ் தைக்க அனுமதிக்கப்பட்ட நிமிடங்கள். 12 நிமிட எஸ்.ஏ.எம். உள்ள சட்டையை 30 பேர் 480 நிமிடத்தில் 720 எடுத்தால், 720-ஐ 12-ஆல் பெருக்கி, 30 பெருக்கல் 480-ஆல் வகுக்க வேண்டும். லைன் எஃபிஷியன்ஸி 60 சதவீதம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சொற்கள் உழைப்பவரை அளக்கும் சொற்கள். அளவுகோல் எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்கும் ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் டைம் போடும்போது களைப்புக்கும் தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போகவும் சேர்த்தே நேரம் ஒதுக்குவது முறை. அதற்குப் பெயர் 'அலவன்ஸ்'. 'டஸ் திஸ் ஸ்டாண்டர்ட் டைம் இன்க்லூட் அலவன்ஸஸ்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். டார்கெட் எட்ட முடியாமல் போனால் 'ஸாரி சார்' என்று நிறுத்திவிடாமல் காரணத்தையும் சொல்லுங்கள்: 'வி ஃபெல் ஷார்ட் பை தர்ட்டி பீஸஸ் பிகாஸ் த த்ரெட் கெப்ட் ப்ரேக்கிங்.' நூல் அறுந்துகொண்டே இருந்தது என்பதை எண்ணோடு சொல்லும்போது பேச்சு ஆளை விட்டுவிட்டு நூலைப் பற்றிப் போகும்.

ஐந்தாம் படி: ஜப்பானியச் சொற்களும் வீணாவதன் பெயர்களும்

கைசன், கெம்பா, போகா யோகே, ஆண்டான், கான்பான். இவை ஆங்கிலம் இல்லை, ஆனால் ஆங்கில வாக்கியத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசை வாங்கியது. ஓசூர் டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் வாங்கியது. அதனால் நம் ஊர் ஆலைகளில் இந்தச் சொற்களுக்கு வயது அதிகம். கைசன் என்றால் சின்னச் சின்னதாகத் தொடர்ந்து மேம்படுத்துவது. கெம்பா என்றால் வேலை நடக்கும் இடம். போகா யோகே என்றால் தவறு செய்யவே முடியாதபடி அமைப்பது, பார்ட்டைத் தலைகீழாக மாட்ட முடியாத ஃபிக்ஸ்சர் மாதிரி. ஆண்டான் என்றால் லைனில் கோளாறு என்று காட்டும் விளக்கு அல்லது போர்டு. கான்பான் என்றால் அடுத்து எது, எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் அட்டை.

டொயோட்டாவில் தைஇச்சி ஓனோ வீணாவதை ஏழு வகையாகப் பிரித்தார். ஏழையும் மனப்பாடம் செய்வதைவிட உங்கள் லைனில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் கண்டுபிடியுங்கள். தேவைக்கு மேல் செய்வது 'ஓவர்ப்ரொடக்‌ஷன்'. காத்திருப்பது 'வெயிட்டிங்': 'த ஆபரேட்டர் வெயிட்ஸ் டென் மினிட்ஸ் ஃபார் த ட்ராலி.' இங்கிருந்து அங்கே தூக்கிக்கொண்டு திரிவது 'ட்ரான்ஸ்போர்ட்'. ஆள் குனிந்து நிமிர்ந்து அலைவது 'மோஷன்': 'ஐ பெண்ட் டவுன் ஃபார் எவ்ரி பார்ட். கேன் வி ரெய்ஸ் த பின்?' மற்றவை 'இன்வென்டரி' (தேவைக்கு மேல் இருப்பு வைப்பது), 'ஓவர்ப்ராசஸிங்' (தேவையில்லாத வேலையைச் செய்வது), 'டிஃபெக்ட்ஸ்' (பழுதான பீஸ்கள்). பார்ட் வைக்கும் தொட்டியை (பின்) உயர்த்தச் சொல்லும் அந்த வாக்கியத்தைப் பாருங்கள். அது ஒரு கைசன் யோசனை, உங்கள் முதுகுக்கும் நல்லது. சஜஷன் பெட்டியில் எழுதிப் போட இவ்வளவு ஆங்கிலம் போதும். எழுதும்போது 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்று இரண்டு தலைப்பு போட்டு எண் கொடுங்கள்.

வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் முறைக்கு ஆங்கிலச் சொற்கள் சார்ட், செட் இன் ஆர்டர், ஷைன், ஸ்டாண்டர்டைஸ், சஸ்டெய்ன். ஆடிட்டில் பெரும்பாலும் கடைசிச் சொல்லைப் பற்றித்தான் கேட்பார்கள்: 'ஹவ் டு யூ சஸ்டெய்ன் இட்?' பதில்: 'வி செக் இட் எவ்ரி டே வித் திஸ் செக் ஷீட்.'

ஆறாம் படி: ஹேண்டோவரும் மீட்டிங்கும்

ஷிஃப்ட் மாறும்போது ரிலீவரிடம் சொல்ல வேண்டியது மூன்று: என்ன முடிந்தது, என்ன பாக்கி, எதைக் கவனிக்க வேண்டும். 'வி ஃபினிஷ்ட் த்ரீ ஹண்ட்ரெட் ஃபிஃப்ட்டி. ஃபிஃப்டீன் பார்ட்ஸ் ஆர் ஆன் ஹோல்ட். ப்ளீஸ் கீப் அன் ஐ ஆன் த கூலன்ட் லெவல்.' உங்கள் ரிலீவரிடம் தமிழில் பேசினாலும் லாக் புக்கில் இப்படி எழுதுங்கள். அதுதான் தினசரிப் பயிற்சி. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த ஆட்கள் அடுத்த ஷிஃப்டில் இருந்தால் எளிய ஆங்கிலம் இரு பக்கமும் கைகொடுக்கும்.

மீட்டிங்கில் கேள்வி புரியவில்லை என்றால் தலையாட்ட வேண்டாம். 'ஸாரி, குட் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?' என்று கேட்கலாம். புரிந்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கலாம்: 'யூ மீன் த செகண்ட் ஷிஃப்ட், ரைட்?' பதில் கையில் இல்லை என்றால் 'ஐ வில் செக் அண்ட் டெல் யூ பை டூ ஓ க்ளாக்' என்று நேரத்தோடு சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குச் சொல்லிவிடுங்கள். நாம் சந்தேகம் என்ற அர்த்தத்தில் 'ஐ ஹாவ் எ டவுட்' என்போம். வெளிநாட்டவருக்கு அது நம்பிக்கையில்லை என்பது போலக் கேட்கலாம். 'ஐ ஹாவ் எ க்வெஸ்டின்' என்பது பாதுகாப்பானது.

பழகுவது எப்படி?

முதல் வாரம் உங்கள் மெஷினின் வினைச்சொற்கள் மட்டும். இரண்டாம் வாரம் தினமும் ஒரு கோளாறு, நடந்ததோ கற்பனையோ, ஆறு வாக்கியங்களில். அதை போனில் பதிவு செய்து கேளுங்கள். பல ஆலைகளில் உள்ளே போன் அனுமதி இருக்காது, பஸ்ஸிலோ அறையிலோ செய்துகொள்ளலாம். மூன்றாம் வாரம் அன்றைய ஷிஃப்டின் எண்களை வைத்து ஓ.இ.இ. அல்லது லைன் எஃபிஷியன்ஸி போட்டு மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். நான்காம் வாரம் ரூமில் இருக்கும் நண்பரை மேனேஜராக உட்காரவைத்து 'வை?' என்று ஐந்து முறை கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 'பிகாஸ்' என்று தொடங்கிப் பதில் வர வேண்டும். பம்ப் ஏன் நின்றது? மோட்டார் ட்ரிப் ஆனது. ஏன்? ஓவர்லோட். ஏன்? ஃபில்டர் அடைத்திருந்தது. ஏன்? சுத்தம் செய்யவில்லை. ஏன்? அது செக் ஷீட்டிலேயே இல்லை. இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: 'வி ஹாவ் ஆடெட் இட் டு த செக் ஷீட்.' சேர்த்த பிறகு இதை மீட்டிங்கில் சொல்லுங்கள். முதல்முறை பேசும்போது வாக்கியங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்துப் படித்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.